வலது கை நின்ற பிறகு பிளைஷர் செய்தது

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் பியானோ வித்துவான் ஒருவருக்கு வலது கை வேலை செய்யாமல் போய், முப்பது வருடம் ஒற்றைக் கையால் வாசித்தும் படிப்பித்தும் இருந்துவிட்டு, கடைசியில் திரும்ப இரண்டு கையாலும் கச்சேரி செய்தாராமே, உண்மையா? என் மகள் பியானோ சோதனையில் ஏழாம் கிரேட் முடித்துவிட்டாள், பியானோ படிப்பிக்கத்தான் ஆசை என்கிறாள். மேடையில் வாசிக்க ஏலாதவர்கள்தான் படிப்பிக்கப் போவார்கள் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன சொல்வது?"

உண்மைதான் தங்கச்சி. அவர் பெயர் லியோன் பிளைஷர். அவருடைய கதையைச் சரியாகச் சொன்னாலே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நான் மட்டக்களப்பு புளியந்தீவில் இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓர்கன் வாசிக்கிறேன். 2005 வரைக்கும் பிளைஷர் யாரென்று எனக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கம் வேலை செய்ய வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பழைய பியானோவில் உட்கார்ந்து பார்த்தார். மாரி ஈரத்தில் பாதிக் கட்டைகள் ஊதி இறுகிக் கிடந்தன. பெட்டிக்குள்ளே பல்ப் எரிவதைக் கண்டு என்ன இது என்று கேட்டார்; வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பியானோ வைத்திருந்தால் சூடு காட்டித்தான் ஈரத்தை விரட்ட வேண்டும் என்று சொன்னேன். போகும்போது 'இரண்டு கைகள்' என்று பெயர் போட்ட ஒரு சீடியைத் தந்துவிட்டுப் போனார். 2004இல் வந்தது. நாற்பது வருடத்தில் இந்த மனிதர் இரண்டு கையாலும் தனியாக வாசித்துப் பதிவு செய்த முதல் இசைத்தட்டு இது என்று அவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

பிளைஷர் 1928 ஜூலை 23 சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தகப்பன் ஒடெசாவில் இருந்து வந்தவர், தாய் போலந்தில் இருந்து வந்தவர், தொப்பிக் கடை வைத்துப் பிழைத்த யூதக் குடும்பம். பியானோ பாடம் முதலில் அண்ணனுக்குத்தான். தம்பி மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். பாடம் முடிந்து அண்ணன் விளையாட ஓடியதும் இவர் போய் உட்கார்ந்து அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் வாசிப்பாராம். கொஞ்ச நாளில் பாடம் யாருக்கு என்பது மாறிவிட்டது. பிள்ளை ஒன்று அமெரிக்க ஜனாதிபதியாக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பியானோ வித்துவானாக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்ற தாய். (இந்த மாதிரித் தாய்மாரை நமக்குத் தெரியாதா, இங்கே ஜனாதிபதிக்குப் பதில் டாக்டர்.)

அந்தக் காலத்தில் பெத்தோவனை வாசிப்பதில் ஆர்தர் ஷ்னாபெல் என்ற பெயருக்கு மேலே பெயர் இல்லை. பெத்தோவன் தனிப் பியானோவுக்கு எழுதிய சொனாட்டா என்ற பெரிய உருப்படிகள் 32ஐயும் முதன்முதலில் முழுதாகப் பதிவு செய்தவர் அவர்தான். சின்னப் பிள்ளைகளை மாணவராக எடுக்க மாட்டேன் என்பது அவருடைய சட்டம். சான் பிரான்சிஸ்கோவில் ஆல்ஃபிரட் ஹெர்ட்ஸ் என்ற இசைக்குழு நடத்துநர் ஷ்னாபெலை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளையைக் கீழ்த்தளத்து வழியாக உள்ளே கொண்டுவந்து பியானோவில் உட்கார வைத்துவிட்டார். சாப்பாட்டறைக் கதவு திறந்தது, பிள்ளை வாசித்தது, சட்டம் உடைந்தது. ஒரே ஒரு நிபந்தனை: படிக்கும் காலத்தில் கச்சேரி கூடாது. 1938இல் இத்தாலியில் கோமோ ஏரிக் கரையில் இருந்த ஷ்னாபெல் வீட்டுக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்தபோது வயது பத்தைச் சுற்றி. யுத்தம் வந்து ஷ்னாபெல் அமெரிக்காவுக்குப் போனதும் பாடம் நியூயோர்க்கில் தொடர்ந்தது. மொத்தம் பத்து வருடம்.

நம்மவர்களுக்குக் குரு பரம்பரை என்றால் உடனே விளங்கும், ஆகவே இதையும் சொல்கிறேன். ஷ்னாபெலின் வாத்தியார் லெஷெட்டிட்ஸ்கி. அவருடைய வாத்தியார் செர்னி, உங்கள் மகள் விரற்பயிற்சிக்கு வாசிக்கும் அதே செர்னிதான். செர்னியின் வாத்தியார் பெத்தோவன். ஷ்னாபெல் சின்னப் பையனாக இருக்கும்போது லெஷெட்டிட்ஸ்கி அவரிடம், "நீ ஒரு நாளும் பியானோக்காரன் ஆக மாட்டாய், நீ இசைக்காரன்" என்று சொன்னதாகச் சொல்வார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஷ்னாபெல் படிப்பித்த முறைதான் எனக்குப் பெரிய விஷயம். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்கள் எல்லோரும் அந்த அறையிலேயே இருந்து கேட்க வேண்டும். தன் பாடத்தில் படித்ததை விட மற்றவர்களின் பாடத்தைக் கேட்டுப் படித்ததுதான் கூட என்று பிளைஷர் சொல்லியிருக்கிறார், அது ஏனென்று யோசித்தால் தெரியும்: தன் முறை வரும்போது பிள்ளைக்குப் பயம், விரல், பிழை, அடுத்த பக்கம் என்று தலைக்குள் ஆயிரம் ஓடும், காது திறக்காது, மற்றவன் வாசிக்கும்போது தான் சும்மா இருப்பதால் காது முழுதாகத் திறந்திருக்கும். நானும் சனிக்கிழமை வகுப்பை இப்படி மாற்றினேன். "சேர், என் பிள்ளைக்கு அரை மணித்தியாலத்துக்குத்தானே காசு கட்டுகிறோம், ஏன் இரண்டு மணித்தியாலம் வைத்திருக்கிறீர்கள்" என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை.

சரி, மேடைக்கு வருவோம். 1944இல், பதினாறு வயதில், கார்னகி ஹாலில் நியூயோர்க் ஃபில்ஹார்மோனிக்கோடு பிராம்ஸின் முதலாவது பியானோ கொன்செர்ட்டோவை (இசைக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் பெரிய உருப்படி) வாசித்தார். நடத்தியவர் பியர் மொந்தே. இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு இந்தப் பையன் என்று மொந்தே சொன்னார். 1952இல் பிரசல்ஸில் பெல்ஜிய மகாராணி எலிசபெத் பெயரில் நடக்கும் இசைப் போட்டியில் முதற்பரிசு, அதை வென்ற முதல் அமெரிக்கர். அதற்குப் பிறகு கிளீவ்லாந்து இசைக்குழுவோடு ஜோர்ஜ் செல் நடத்த, பெத்தோவனின் ஐந்து கொன்செர்ட்டோவும் பிராம்ஸின் இரண்டும் பதிவாகின. அறுபது வருடம் கழிந்தும் இவற்றைக் கேட்டுத்தான் மற்றப் பதிவுகளை அளக்கிறார்கள்.

இங்கே ஒரு வருடத்தை உங்கள் வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள்: 1959. பால்டிமோரில் இருக்கும் பீபடி இசைக் கல்லூரியில் பிளைஷர் ஆசிரியராகச் சேர்ந்த வருடம் அது. கை நன்றாக இருந்த காலம், புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த காலம். கை போனதால் படிப்பிக்க வந்தவர் என்று எங்கும் எழுதிவிடுகிறார்கள், அது பிழை. கை போவதற்கு ஐந்து வருடம் முன்பே அவர் வாத்தியார்.

1964இல் வலது கையில் ஏதோ சரியில்லை என்று தெரிய வந்தது. நாலாம் விரலும் சின்னவிரலும் அவர் சொல்லாமலே உள்ளங்கைக்குள் சுருளத் தொடங்கின. அடுத்த வருடம் ஜோர்ஜ் செல்லோடு சோவியத் நாட்டுக்குப் பெரிய பயணம் போக இருந்தார்; போக முடியவில்லை. வயது முப்பத்தாறு. தினமும் ஏழெட்டு மணித்தியாலம் கையை அடித்துப் பயிற்சி செய்தவர், கை தளர்ந்ததும் இன்னும் கூடப் பயிற்சி செய்தார், அது இன்னும் கெடுத்தது. சத்திரசிகிச்சை, ஊசி, மருந்து, மனோவசியம் என்று போகாத இடமில்லை. குடும்பம் உடைந்தது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வருத்தத்தின் பெயர் ஃபோக்கல் டிஸ்டோனியா. விரலில் பிழையில்லை, பிழை மூளையில். ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான அசைவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்போது சிலருக்கு அந்த எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன, ஒரு விரலுக்குப் போக வேண்டிய கட்டளை பக்கத்து விரலையும் இழுத்துவிடுகிறது. பரம்பரையும் ஒரு பங்கு வகிக்கிறது. தொழிலாக வாத்தியம் வாசிப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கு வரும் என்று கணிக்கிறார்கள். பிளைஷருக்கு இந்தப் பெயரைச் சொல்லவே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சென்றது.

இப்போது நான் சொல்ல வந்த இடம். அதுவரைக்கும் பிளைஷர் எல்லா வித்துவான்களும் செய்வது போலத்தான் படிப்பித்தார்: மாணவர் பிழைவிட்டால், தள்ளு என்று இருக்கையில் தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. கை போன பிறகு அது முடியாது. எதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை வாயால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முதல், தனக்கே அது என்னவென்று தெரிய வேண்டும். இந்தச் சுரம் எங்கே போக ஆசைப்படுகிறது, இந்த இடத்தில் ஏன் காத்திருக்க வேண்டும், அடுத்த அடியின் பாரம் எங்கே விழுகிறது என்பதை எல்லாம் சொல்லாக்க வேண்டும். கை நன்றாக இருந்திருந்தால் தான் இவ்வளவு நல்ல ஆசிரியராகியிருக்க மாட்டேன் என்ற கருத்தில் அவர் பல தடவை பேசியிருக்கிறார்.

இதை வாசித்துவிட்டு நான் இரண்டு மாதம் வகுப்பில் பியானோவைத் தொடாமல் படிப்பித்துப் பார்த்தேன். முதல் வாரம் எனக்கு வாயே வரவில்லை. ஒரு பிள்ளை, பதினொரு வயது, எல்லோரும் படிக்கிற அந்த ஜீ மேஜர் மினுவெட்டை (மூன்று அடித் தாளத்தில் வரும் ஆட்ட இசை) வாசித்துக்கொண்டிருந்தாள். சுரம் எல்லாம் சரி, ஆனால் மூன்று அடியும் ஒரே பாரத்தில், தட்டுமுட்டுச் சாமான் இறக்குவது போல. வழக்கமாக நான் தள்ளி உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருப்பேன், அவளும் கிளி மாதிரித் திருப்பி வாசித்திருப்பாள். அவளுடைய அப்பப்பா கூத்து அண்ணாவியார். "அப்பப்பா மத்தளம் அடிக்கும்போது ஆடுகிறவர் எந்த அடியில் காலை ஊன்றுவார்?" என்று கேட்டேன். பிள்ளை எழும்பி, பியானோவுக்குப் பக்கத்தில் நின்று, தனக்குள்ளே தாளத்தைச் சொல்லிக்கொண்டு இரண்டு தரம் மிதித்துப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்தாள். முதல் அடி நிலத்தில் விழுந்தது, மற்ற இரண்டும் அதில் இருந்து எழும்பின. நான் வாசித்துக் காட்டியிருந்தால் அந்த ஒரு மினுவெட்டைத்தான் படித்திருப்பாள். அதற்குப் பிறகு மூன்று அடியில் வந்த எதையும் அவளுக்கு நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பிளைஷர் படிப்பிப்பதோடு நின்றுவிடவும் இல்லை. 1960களின் கடைசியில் வாஷிங்டனில் டைனா கோஸ்டனோடு சேர்ந்து சிறு இசைக்குழு ஒன்றைத் தொடங்கினார். இசைக்குழு நடத்தினார், 1970இல் இருந்து 1982 வரை அனாபொலிஸ் இசைக்குழு அவர் கையில். 1986இல் இருந்து 1997 வரை டேங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநர், அமெரிக்காவின் இளம் கலைஞர்கள் கோடையில் போய்ப் பயிலும் இடம் அது. இதோடு இடது கைக்கென்றே எழுதிய இசையையும் எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்த இசை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரிய வித்துவான் போல் விட்கென்ஸ்டைன் 1914இல் போர்முனையில் வலது கையை இழந்தார். தத்துவஞானி லூட்விக்கின் அண்ணன். காசுள்ள குடும்பம், ராவெல், புரோகோபியெவ், பெஞ்சமின் பிரிட்டன், ஹிண்டமித் என்று பெரிய இசையமைப்பாளர்களுக்குக் காசு கொடுத்து இடது கைக்கு மட்டும் எழுதுவித்தார். யுத்தம் ஒரு கையை எடுத்ததால் பிறந்த இசை அது. எங்கள் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் கை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அதைக் கேட்பது வேறு மாதிரித்தான் இருக்கும், எனக்கு இருக்கிறது. ஹிண்டமித் 1923இல் எழுதிக் கொடுத்ததை விட்கென்ஸ்டைன் வாசிக்கவே இல்லை, யாரையும் வாசிக்க விடவும் இல்லை. அவருடைய மனைவி இறந்த பிறகுதான் பிரதி வெளியே வந்தது. 2004 டிசம்பரில் பெர்லினில், சைமன் ராட்டில் நடத்த, அதை முதன்முதலில் வாசித்தவர் பிளைஷர்.

ஒரு கையால் எப்படி இவ்வளவு வரும் என்று கேட்பீர்கள். இடது கையை மேசையில் விரித்து வையுங்கள். பெருவிரல் வலப்பக்கம், சின்னவிரல் இடப்பக்கம். பியானோவில் மேல் சுரங்கள் இருப்பது வலப்பக்கம். ஆகவே மெட்டு கையின் மிகப் பலமான விரலுக்கு வந்து சேர்கிறது. சின்னவிரல் கீழே ஆழமான சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஓட, பெடல் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வலது கைக்கு இது தலைகீழ், அங்கே மெட்டைத் தூக்குவது நாலாம் விரலும் சின்னவிரலும். பிளைஷருக்குச் சுருண்டு போனவை அந்த இரண்டும்தான். பாக் வயலினுக்கு எழுதிய சக்கோன் என்ற உருப்படியை பிராம்ஸ் பியானோவில் இடது கைக்கு மட்டும் என்று மாற்றி எழுதியிருக்கிறார், பிளைஷர் வாசித்த பதிவு இருக்கிறது. கண்ணை மூடிக் கேளுங்கள், எத்தனை கை என்று எண்ணத் தோன்றாது.

1982இல் பால்டிமோரில் புதிய மண்டபம் திறந்தபோது இரண்டு கையோடு மேடைக்கு வந்தார். பெத்தோவனின் நாலாவது கொன்செர்ட்டோ வாசிப்பதாக இருந்து, கை இடம் கொடுக்காது என்று தெரிந்து ஃபிராங்க் என்ற இசையமைப்பாளரின் சிம்ஃபொனிக் வேரியேஷன்ஸாக மாற்றினார். சனம் எழும்பி நின்று கைதட்டியது, பத்திரிகைகள் கொண்டாடின. அவருக்கு மட்டும் தெரியும், கை இன்னும் சரியில்லை என்று. புகழை வைத்துக்கொண்டு சமாளித்திருக்கலாம். அவர் திரும்பவும் இடது கைக்கும் வகுப்பறைக்கும் போய்விட்டார். அந்த மனிதரிடம் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான்.

1990களின் நடுவில்தான் வழி பிறந்தது. உடலின் இறுக்கத்தை ஆழமாக அழுத்தித் தளர்த்தும் ஒரு வகை வைத்தியம், அதோடு சுருட்டி இழுக்கும் தசைகளுக்குச் சின்ன அளவில் பொட்டொக்ஸ் ஊசி. ஊசியின் பலன் சில மாதம்தான் நிற்கும், திரும்பப் போட வேண்டும். குணமாகிவிட்டது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் வாசிக்க முடிந்தது. மனைவி கேதரின் ஜேக்கப்சனும் பியானோக்காரர், இருவரும் ஒரே பியானோவில் நாலு கையாகவும் வாசித்தார்கள்.

அவரிடம் படித்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள்: ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் புரோன்ஃப்மன், எலென் கிரிமோ, லூயி லோர்ட்டி, ஜொனத்தன் பிஸ். எல்லோரும் உலக மேடைக்காரர்கள். ஒருவர் வாசிப்பு மற்றவர் வாசிப்பைப் போல இல்லை, அதுதான் கவனிக்க வேண்டியது; வாசித்துக் காட்டிப் படிப்பித்திருந்தால் ஐந்து சின்னப் பிளைஷர்கள் வந்திருப்பார்கள். 2020 ஆகஸ்ட் 2, தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். அதற்கு முதல் வாரம் வரைக்கும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார் என்று மகன் சொன்னார். லெஷெட்டிட்ஸ்கி சொன்னதாகச் சொல்லும் அந்த வார்த்தையை இப்போது திரும்ப எடுங்கள். பியானோக்காரனை 1964 எடுத்துக்கொண்டு போனது. இசைக்காரன் மிச்சம் இருந்தான், அவன்தான் அதற்குப் பிறகு ஐம்பத்தாறு வருடம் வேலை செய்தான்.

ஆகவே தங்கச்சி, மகளுக்குப் படிப்பிக்க ஆசை என்றால் அதை மேடைக்குக் கீழே வைத்துப் பேச வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஆனால் மேடையை விட்டுவிடவும் சொல்லாதீர்கள், வாசிக்காமல் இருக்கும் வாத்தியாருக்குக் காது மழுங்கிவிடும். இன்னொன்று, இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடம் முதல் எட்டாம் கிரேட் சோதனைக்குப் படித்த ஒரு பையனுக்கு நாலாம் விரல் மடங்கத் தொடங்கியது. சோம்பல் என்று நினைத்து நான்தான் பயிற்சியைக் கூட்டினேன். பிழை என்னுடையது. நல்ல வேளை, பிளைஷரின் கதை நினைவுக்கு வந்து மூன்றாம் வாரமே நிறுத்தி டாக்டரிடம் அனுப்பினேன். ஆறு மாதம் ஓய்வெடுத்து மெதுவாகத் திரும்ப வந்தான். மகளுக்கு விரல் தன்பாட்டில் மடங்கினால், அல்லது நேற்று வந்த இடம் இன்று காரணமில்லாமல் வராவிட்டால், பியானோவை மூடச் சொல்லுங்கள். நோகவில்லைத்தானே என்று தொடர விடாதீர்கள், இந்த வருத்தம் பெரும்பாலும் நோகாது.

'இரண்டு கைகள்' சீடியின் கடைசியில் ஷூபெர்ட்டின் பீ ஃபிளாட் சொனாட்டா இருக்கிறது, 1828இல், சாவதற்கு இரண்டு மாதம் முதல் எழுதியது. முதல் வரி பாடி முடிந்ததும் கீழே, மிக ஆழத்தில், இடது கையில் ஒரு சின்ன நடுக்கம் கேட்கும், தூரத்தில் இடி உருளுவது போல. பிறகு மௌனம். பிறகு அதே பாட்டு திரும்ப. மகளையும் வைத்துக்கொண்டு அந்த மௌனத்தை அவர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார் என்று கேளுங்கள்.

கல்முனையில் இருந்து காலை பஸ்ஸில் வரலாம் என்றால் ஒரு சனிக்கிழமை மகளை அனுப்புங்கள், எட்டரைக்குத் தொடங்குவோம். தன் பாடம் முடிந்ததும் எழும்பிப் போகாமல், மற்றப் பிள்ளைகளின் பாடத்தையும் கடைசி வரைக்கும் இருந்து கேட்க வேண்டும் என்று மட்டும் முதலே சொல்லிவிடுங்கள்.